மச்சான் சாகக் கூடாது

— கத்திய இறக்குங்க கறிக்கடைக்காரரே. என் கழுத்துல வெச்சா, உங்க மச்சான் உடம்புல இருக்கற கிருமி பயந்துடாது.

— பயப்படும் டாக்டரம்மா. நான் கத்திய உருவினாலே கடையில ஆடு தானா வந்து படுத்துக்கும். மச்சான் செத்தான்னா அடுத்தது நீங்கதான்.

— அவ்வளவு பாசமா?

— பாசமாவது மண்ணாவது! குத்தினதே நான்தானே. பொழைச்சா அடிதடி கேசு. செத்தா கொலைக் கேசு.

— எதுக்குக் குத்தினீங்க? உங்க தங்கச்சிய அடிச்சதுக்கா?

— அது தினமும் நடக்கறதுதானே. கடையில நாலு பேர் முன்னாடி என் தராசு பொய்னுட்டான்! தொடையில சொருகி ஒரு திருகு திருகினேன். உயிர் போற இடத்தை விட்டுத்தான் குத்தினேன், தொழில் தெரிஞ்சவன்.

— குத்து அழகான குத்துதான், அதுல சாகமாட்டார். ஆனா புண்ணுல புகுந்த கிருமி ரத்தத்துல கலந்துடுச்சு, சர்க்கரை முத்தியிருக்கு, கிட்னி கெட்டிருக்கு, மூச்சு மெஷின்ல ஓடுது. ஒவ்வொண்ணும் சாவைக் கிட்ட இழுக்குது. போதாததுக்கு நாங்க முதல்ல போட்ட மருந்து எதுவுமே கேக்கல. வீட்டுல என்ன குடுத்தீங்க?

— போலீஸ் வந்துடுமேன்னு வீட்டுலயே வெச்சுப் பாத்தேன். ஆட்டுக்குப் போடற ஊசிதான். காய்ச்சல் ஏறினா போடுவேன், இறங்கினா நிறுத்திடுவேன். அளவெல்லாம் சரியாத்தான் போட்டேன். ஆள் ரெண்டு கெடா எடை இருப்பான்.

— கிருமிக்குக் குஸ்தி கத்துக் குடுத்திருக்கீங்க. இனி சாதாரண மருந்தையெல்லாம் தூக்கிப் போட்டு மிதிக்கும்.

— அப்போ நான்தான் கொல்றேங்கறியா? சங்க அறுத்துடுவேன்!

— அழுத்தாதீங்க, ரத்தம் வருது. கேக்கற மருந்து ஒண்ணே ஒண்ணு இருக்கு. நேத்தே ஏத்த ஆரம்பிச்சாச்சு. பாட்டிலும் காலியாகுது. ஆனா இப்பதான் பாத்தேன், நனைஞ்சது மெத்தை. யாரோ ஊசியக் கழட்டி விடறாங்க.

— எவன் அவன்? குடல உருவிக் கழுத்துல மாலையாப் போடறேன்! பக்கத்துல எந்நேரமும் என் தங்கச்சிதான் இருக்கா. இதோ வர்றாளே. ஏம்மா, ஊசியக் கழட்டினது யாருன்னு பாத்தியா?

— நான்தான்ணே.

— அடிப்பாவி! அவன் செத்தா நான் தூக்குல தொங்கணும்டி!

— தெரியும்ணே. அடி தாங்காம ஓடி வந்தப்பல்லாம், தலைமுடியப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் அவர் வாசல்ல என்னைத் தள்ளினது நீதானே.