ஆர்டிஸ் வீட்டுப் பிராந்தி

எங்கள் பக்கத்தில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து வடக்கே, சாலையில் யார் வணக்கமாகக் கையைத் தூக்கினாலும் பதிலுக்கு நாமும் தூக்க வேண்டும். தெரிந்தவரா தெரியாதவரா என்ற பேச்சே கிடையாது. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைக்கூட எழுப்பாதவனை ஊரில் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். அந்த விஷயத்தில் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

நான் வக்கீல். குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிக்கொள்கிறவர்களுக்கு வாதாடுவது என் பிழைப்பு. வெள்ளிக்கிழமைதோறும் மீன் வறுவலும் பிராந்தியுமாகக் கூடும் ஊரில் எனக்குப் பஞ்சம் வருமா? டெல்மர் ஸ்டூபியும் என் கட்சிக்காரர்தான். வழக்கிலிருந்து மீட்டுவிட்டு, "இனிமே குடிச்சா வண்டியத் தொடாதீங்க, நடந்து போங்க" என்றேன். நல்ல மனிதர், அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

நவம்பர் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, இருட்டத் தொடங்கிய நேரம். நானும் சில கோப்பைகள் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஏரி வளைவில் வண்டி மோதியது. இறங்கிப் பார்த்தேன். பிறகு ஏறி, அடுத்திருந்த வீட்டின் கதவைத் தட்டினேன். டெல்மரின் மனைவி ஆர்டிஸ் திறந்தாள்.

"என்ன லைல், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"மான் குறுக்க பாஞ்சிடுச்சு. கை நடுங்குது. கொஞ்சம் பிராந்தி கிடைக்குமா?"

"எங்க வீட்ல அது இல்லாமலா? உக்காருங்க. அவரும் வர்ற நேரந்தான். நடந்துதான் வருவாரு. எல்லாம் நீங்க சொன்ன புத்தி."

தொழில் நுணுக்கம் ஒன்று சொல்கிறேன். விபத்துக்குப் பிறகு ஒரு சாட்சியின் முன்னால் குடித்துவிட்டால், ரத்தத்தில் இருப்பது முன்னே குடித்ததா பின்னே குடித்ததா என்று அடித்துச் சொல்ல எந்த நிபுணரும் தயங்குவார். இதைக் கட்சிக்காரர்கள் யாருக்கும் நான் சொல்லிக்கொடுத்ததில்லை. தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே.

ஆர்டிஸ் தாராள மனசுக்காரி. துணைக்குத் தானும் ஒரு வாய் குடித்தாள். என் மூச்சில் இருந்த பழைய வாடை அதில் அடிபட்டுப்போனது.

"மானுக்கு அடி பலமா? வாயில்லா ஜீவன், உயிரோட துடிச்சிட்டுக் கெடக்கப்போகுது. அவரு வந்ததும் போய்ப் பாக்கச் சொல்றேன்."

"விடுங்க, எழுந்து ஓடியிருக்கும்" என்று கோப்பையை நீட்டினேன். சிரித்துக்கொண்டே ஊற்றினாள்.

கடைசியில், "இன்னும் ஆளக் காணோமே" என்று விளக்கை எடுத்துக்கொண்டு அவளே கிளம்பினாள். நான் அடுப்பருகே இதமாக உட்கார்ந்திருந்தேன். அவள் கண்டுபிடித்தபோது டெல்மரின் உடல் சில்லிட்டிருந்ததாம். சற்று முன்னால் பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொன்னார்.

நீதிமன்றத்தில் ஆர்டிஸ் அழுதுகொண்டே சாட்சி சொன்னாள். நான் வந்தபோது தள்ளாடவில்லை, குடித்ததெல்லாம் அவள் மேசையில்தான், மோதியது மான் என்றே நம்பியிருந்தேன் என்றாள். அவளறிந்தவரை அத்தனையும் சத்தியம். எனக்கு விடுதலை. ஒரே குற்றத்துக்கு ஒருவனை இரண்டு முறை கூண்டில் ஏற்ற முடியாது என்பதால்தான் இன்று மனம்விட்டுப் பேசுகிறேன்.

தீர்ப்பன்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க மேல எனக்கு வருத்தமில்ல, லைல். அந்த இருட்டுல யாருக்குத்தான் தெரியும்?"

எனக்கும் வருத்தமில்லை. டெல்மரிடம் நான் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டதாக யாரும் சொல்ல முடியாது. இறங்கிப் பார்த்தபோது, பள்ளத்தில் கிடந்தவர் என்னை அடையாளம் கண்டு கையைத் தூக்கினார். நானும் தூக்கிவிட்டுத்தான் வண்டியில் ஏறினேன்.