ஈரத்துணி

வண்டியில் ஒட்டிக்கொண்ட பூச்சியைத் தேய்த்து எடுக்கக் கூடாது, சார். வாசலில் நிற்கிற கறுப்பு பைக் உங்களுடையது என்றால் இனிமேல் அதைக் கண்டவர் கையில் கொடுக்காதீர்கள். என்னை உள்ளே கூட்டிவரும்போது பார்த்தேன். ஹெட்லைட்டுக்கு மேலே யாரோ காய்ந்த பூச்சியை நகத்தால் சுரண்டியிருக்கிறார்கள். வெயிலில் நிறுத்தினால் கோடு கோடாகத் தெரியும்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். துணியைத் தண்ணீரில் நனைத்து, சொட்டாமல் பிழிந்து, பூச்சி மேல் போட வேண்டும். வெந்நீராக இருந்தால் நல்லது. பிறகு சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருப்பதுதான் முக்கால்வாசிப் பேருக்கு வராது. ஈரம் உள்ளே இறங்கி, பூச்சி ஊறி, தானாகப் பிடியை விடும். துணியை எடுக்கும்போது கூடவே வந்துவிடும். காற்றடிக்கிற இடமாக இருந்தால் துணி பறக்காமல் உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொள்ளலாம். வைத்தால் போதும், அழுத்தக் கூடாது. அழுத்தினால் பூச்சியின் காலும் மேலோடும் பெயிண்டில் உரசிக் கீறல் விழும். அந்தத் துணியை மறுபடி எதற்கும் எடுக்கக் கூடாது. எவ்வளவு அலசினாலும் துணுக்கு இருக்கும். நேரே குப்பைக்கூடைதான்.

நான் வேலை பார்த்த வாட்டர் சர்வீஸ் கடையில் எனக்குப் பெயரே ஈரத்துணி. வைத்தது என் மச்சினன். கடையில் எல்லோரும் சிரித்தார்கள், முதலாளியும் சிரித்தார். அவன் அதை வீட்டிலும் வந்து சொன்னான். என் மனைவி சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். பொருத்தமான பெயர்தானே.

என் மனைவிக்கு அவன் தம்பி இல்லை, பிள்ளை. அம்மா இல்லாதவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். கல்யாணமாகி நாங்கள் தனி வீடு பார்த்து மூட்டைகளை இறக்கியபோது அவனுடைய பெட்டியும் கூடவே இறங்கியது. நான் அதற்கு முகம் சுளித்தவன் இல்லை. எங்களுக்குக் குழந்தை இல்லாத குறையை அவன் தீர்த்தான் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். சாப்பாட்டுத் தட்டில் நல்ல துண்டு அவனுக்குத்தான் போகும். அதையெல்லாம் நான் கணக்கில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

கடையில் அவனைச் சேர்த்துவிட்டது நான். குழாய் பிடிப்பதிலிருந்து பாலிஷ் போடுவது வரைக்கும் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். கற்பூர புத்தி அவனுக்கு. ஒரு தடவை பார்த்தால் போதும், செய்துவிடுவான். ஆனால் பொறுமை கிடையாது. பூச்சிக்கு ஏதோ ஸ்ப்ரே வாங்கிவந்து அடித்துச் சட்டென்று துடைத்து, அடுத்த வண்டிக்குப் போய்விடுவான். கிட்டப் போய்ப் பார்த்தால் கீறல் இருக்கும். யார் கிட்டப் போய்ப் பார்க்கிறார்கள்? வண்டிக்காரர்களுக்கு அவனைத்தான் பிடித்தது. பெயர் சொல்லிக் கூப்பிடுவான், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று நினைவு வைத்திருந்து கேட்பான். என்னிடம் வந்தால் காத்திருக்க வேண்டும், பேச்சுத்துணையும் கிடைக்காது.

முதலாளி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கடை போட்டார். அதன் பொறுப்பு எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன் மட்டும்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. பொறுப்பு மச்சினனுக்கு. அன்று வீட்டில் என் மனைவி புதுப் புடவை கட்டிக்கொண்டாள். அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மாமா, நீங்களும் அங்க வந்துடுங்க. ஒரு வேலையும் செய்ய வேண்டாம், உங்களை உட்கார வெச்சுப் பார்த்துக்கறேன்" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். அவனிடம் கெட்ட மனது என்று ஒன்று இருந்ததை நான் பார்த்ததே இல்லை. எனக்கு எரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பல் டாக்டர் ஒருவரின் வண்டி வந்தது அதே வாரம். நீண்ட பயணம் போய்விட்டு வந்தவர். வெள்ளை பைக், பெரிய பைக். முன்பக்கம் முழுக்கப் பூச்சி அப்பி, வெயிலில் காய்ந்து, பெயிண்டோடு பெயிண்டாக இறுகிப் போயிருந்தது. நாள் முழுக்க அதோடு இருந்தேன். துணி போட்டு, காத்திருந்து, எடுத்து, புதுத் துணி போட்டு. சாயங்காலம் பார்த்தால் பால் மாதிரி நின்றது. இருட்டுவதற்குள் வந்து எடுத்துக்கொள்வதாக டாக்டர் சொல்லியிருந்தார். முதலாளி புதுக் கடையில் இருந்தார். அப்போதுதான் மச்சினன் வந்தான், எதையோ எடுத்துப் போக.

வண்டியைச் சுற்றி வந்தான். டேங்க்கைத் தட்டிக்கொடுத்தான். "எத்தனை வருஷமா துடைக்கிறீங்க மாமா, ஒரு தடவையாவது ஓட்டியிருக்கீங்களா?" என்று கேட்டான். வாடிக்கையாளர் வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். அதை மீறிய ஒருவனை நின்ற நிற்பில் வெளியே அனுப்பியிருக்கிறார். ஆணியிலிருந்து சாவியை எடுத்தது நான்தான். மச்சினன், "வேண்டாம் மாமா, சும்மா சொன்னேன்" என்றான். ஏறு என்றேன். ஹெல்மெட் ஒன்றுதான் இருந்தது, நான் போட்டுக்கொண்டேன்.

ஏரிக்கரை ரோட்டில் போனோம். காற்றடிக்கிற நாளில் பூச்சி வெளியே வராது, சார். அன்றைக்கு அங்கே ஓர் இலைகூட அசையவில்லை. அதை நான் கவனித்தேன், கவனித்தும் போனேன். அவன் பின்னால் உட்கார்ந்து, என் தோளுக்கு மேலே தலையை நீட்டி, சின்னப் பிள்ளை மாதிரிக் கத்திக்கொண்டு வந்தான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சின்னப் பாலம் வருகிற வளைவில், தவிட்டை அள்ளி மூஞ்சியில் வீசியதுபோலப் பூச்சிக் கூட்டம் வந்து மோதியது. ஹெல்மெட் கண்ணாடியை நான் மேலே தள்ளிவிட்டிருந்தேன். கண்ணில் ஒன்று போனது. பிரேக்கை அழுத்தினேன். வண்டி ஆடி, வழுக்கி, நின்றுவிட்டது. கீழே விழவில்லை. முதுகுக்குப் பின்னால் மட்டும் பாரம் இல்லை.

முதலில் வண்டியைப் பார்த்தேன். பழக்கம்தான், வேறொன்றும் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் காலையிலிருந்து நான் எடுத்ததெல்லாம் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. அதன் பிறகுதான் எட்டிப் பார்த்தேன். அவன் பாலத்துக்குக் கீழே, தண்ணீர் இல்லாத வாய்க்காலில், கல் மேல் மல்லாந்து கிடந்தான். கண் திறந்திருந்தது. "மாமா, காலு அசைய மாட்டேங்குது" என்றான். பயந்த மாதிரித் தெரியவில்லை, ஆச்சரியப்பட்ட மாதிரிதான் இருந்தது.

போன் என் சட்டைப் பையில் இருந்தது. நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆம்புலன்ஸ் வந்தால் ஏது வண்டி, யார் வண்டி என்று கேட்பார்கள். டாக்டர் கடைக்கு வந்துகொண்டிருப்பார். பூச்சி புதிதாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் சுலபம், காய விட்டால் மறுபடி ஒரு நாள் வேலை. முதலில் வண்டி, அப்புறம் அவன் என்று ஒரு வரிசை எனக்குத் தோன்றியது. அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

மஞ்சள் துணி ஒன்று எப்போதும் என் பின் பாக்கெட்டில் இருக்கும். வண்டிப் பெட்டியில் ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தது. அவன் தண்ணீர் கேட்டான். அடிபட்டவனுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று சொல்வார்கள் இல்லையா? அதை இப்போது காரணமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் நினைத்தேனா என்று தெரியவில்லை. தண்ணீரைத் துணியில் ஊற்றினேன். ஹெட்லைட் மேல் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

காத்திருக்கும்போது அவன் பேசிக்கொண்டே இருந்தான். "மாமா, அப்புறம் துடைச்சுக்கலாம்" என்று ஒருமுறை சொன்னான். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து இன்னொரு முறையும் சொன்னான். ஹெட்லைட்டை முடித்து மட்கார்டுக்கு வந்தேன். பிறகு அவனே நிதானமாக, ஏற்பாடு பண்ணுகிற குரலில் சொன்னான்:

"பயப்படாதீங்க மாமா. நான்தான் வண்டிய எடுத்தேன், நான்தான் ஓட்டினேன்னு முதலாளிகிட்ட சொல்லிக்கறேன். என்னை ஒண்ணும் சொல்ல மாட்டார்."

அவர் சொல்லவும் மாட்டார், சார். அவனை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சாவியை எடுத்தவன் நான், ஓட்டியவன் நான், கீழே கிடக்கிறவன் அவன். அப்போதும் என் வேலையைக் காப்பாற்றிக் கொடுக்கிற இடத்தில் அவன்தான் இருந்தான். அதை வாங்கிக்கொண்டு, அவன் கடையில் போய் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் அவள் கையால் அவனுக்கு ஊட்டிவிடுவதைப் பார்த்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்ட வேண்டும். அவன் என்னை மாட்டிவிடுவதாக மிரட்டியிருந்தால்கூட நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

வண்டியை முடித்துவிட்டுக் கீழே இறங்கினேன். அவன் முகமெல்லாம் பூச்சி ஒட்டியிருந்தது. நெற்றியில், இமையில், உதட்டோரத்தில். கையைத் தூக்கித் தட்டிவிட அவனால் முடியவில்லை. என்னைப் பார்த்ததும் சிரித்தான். "வந்துட்டீங்களா" என்றான். பாட்டிலில் அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அதையும் துணியில் ஊற்றி, மடித்து, அவன் முகத்தின் மேல் போட்டேன். கையை மேலே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சும்மா இருப்பது எனக்குக் கைவந்த கலை. துணியை எடுத்தபோது முகம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு கீறல் விழவில்லை.

வண்டியை மெதுவாக ஓட்டிக் கடைக்குக் கொண்டுவந்தேன். டாக்டர் வந்து அதை விரலால் தடவிப் பார்த்தார். வாங்கின அன்றைக்குக்கூட இவ்வளவு சுத்தமாக இல்லை என்றார். அப்படி ஒருவர் மனதார என்னைப் பாராட்டி வெகுநாளாகிவிட்டது. வீட்டுக்குப் போனேன். தம்பி எங்கே என்று அவள் கேட்டாள், புதுக் கடையில் இருப்பான் என்றேன். மறுநாள் அவனைக் கண்டெடுத்தார்கள். நடந்து போனவன் பாலத்திலிருந்து தவறி விழுந்துவிட்டான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவள் அழவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான்தான் பக்கத்திலேயே இருந்து தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

என் தப்பு அந்தத் துணிதான். குப்பையில் போட்டிருக்க வேண்டும். வாழ்நாளில் பூச்சித் துணியை நான் வீட்டுக்குக் கொண்டுபோனதே இல்லை. அன்று என்னவோ வீசி எறிய மனம் வரவில்லை. அவன் முகத்தில் கடைசியாகப் பட்டது இல்லையா? அலசி, வீட்டுக் கொடியில் காயப் போட்டேன். அவள் அதைப் பார்த்தபடி நின்றாள். "இத ஏன் வீட்டுக்குக் கொண்டுவந்தீங்க?" என்று கேட்டாள். நல்ல துணி என்றேன். மறுநாள் கொடியில் துணி இல்லை.

இன்று காலை அதை நீங்கள் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேசை மேல் வைத்தீர்கள். அவன் மூக்குக்குள் மஞ்சள் நூலும் பூச்சி இறகும் இருந்ததாகச் சொன்னீர்கள். நான்தான் சொன்னேனே, எவ்வளவு அலசினாலும் துணுக்கு இருக்கும். துணியை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான் என்று எனக்குத் தெரியும். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆமாம், கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அவளிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடுங்கள், சார். தம்பி மூச்சுத் திணறிச் செத்தான் என்று நினைத்து நினைத்து அவள் உருகிவிடுவாள். நான் அழுத்தவே இல்லை என்று சொல்லுங்கள். துணி காற்றில் பறந்துவிடக் கூடாதே என்றுதான் கையை வைத்திருந்தேன்.