சிரிக்காமல் எழுந்துவிட்ட அப்பாசாமி அண்ணனுக்கு

கடற்கரை மணலே கலைமேடையாக, கிழிந்த வேட்டியே பட்டாடையாக, முப்பது ஆண்டுகளாய்ப் பேய்ப்படங்களில் செத்துச் செத்து எங்களைப் பிழைக்க வைத்த பெருந்தகையே, இன்று ஓய்வு பெறும் உயர்நடிகரே, எங்கள் அப்பாசாமி அண்ணனே, வணக்கம்!

சுவரொட்டியில் உங்கள் முகம் வந்ததில்லை. பேய்க்கு வரும், பேயை ஓட்டுபவருக்கு வரும், பேயிடம் முதலில் சாகிறவருக்கு வராது. கூடியிருக்கும் கண்ணுகளா, நீங்களே சொல்லுங்கள். பேயைப் பார்த்து விசிலடித்த செங்கல்பட்டுத் தியேட்டர், உரித்த வேர்க்கடலையை வாயில் போடுமுன் இவர் சாய்ந்ததும் அடங்கிப்போகவில்லையா? அந்தக் கடலை விரலிடுக்கிலேயே நின்றது. அந்தப் படங்களுக்குக் கதை சொன்ன எனக்கே அந்த வித்தை தெரியாது.

பிணமாக நடித்தவர் காமிராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் எழ வேண்டும். செத்தது பொய் என்று சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் அது. திரைக்கு வராத அந்தச் சிரிப்பை நாங்கள் மட்டுமே பார்த்திருக்கிறோம்.

போன வாரம், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடைசிக் காட்சி. நெற்றியில் காசோடு கிடந்தீர்கள். 'கட்' சொல்வதற்குள் பெரிய அலை. வாடகை விளக்கைக் காப்பாற்ற எல்லோரும் ஓட, பிணமும் எழுந்து ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். சாப்பாடு கொண்டுவந்த உங்கள் மனைவி சம்பூர்ணம்தான் கேட்டார்: "எல்லாம் சரி, அவுரு சிரிச்சத எடுத்தீங்களா?"

அதன்பின் யாருக்கும் சோறு இறங்கவில்லை. வரும் திங்களன்று உங்களுக்கு இதய அறுவை சிகிச்சை.

"அட வுடும்மா, சும்மா பேஜாரு பண்ணிகினு" என்று கையை உதறினீர்கள். நாங்களும் மறந்ததுபோல் நடந்தோம். ஆனால் அன்றிலிருந்து ஒருவராலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நேற்றுதான் தெரிந்தது, ஒளிப்பதிவாளர் மோகனைத் தனியே அழைத்து, "விழாவுக்கு அதே காமிரா வருமா?" என்று நீங்களும் கேட்டிருக்கிறீர்கள்.

வந்திருக்கிறது, அண்ணா. எதிரே பாருங்கள், மோகன் நிற்கிறார். இந்த வாழ்த்து மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுவது அப்புறம் இருக்கட்டும். இனி எந்தக் கடலையும் விரலிடுக்கில் நின்றுவிடாமல், உரித்ததையெல்லாம் உண்டு, சம்பூர்ணம் அம்மாவோடு நெடுங்காலம் நலமாக வாழ வேண்டும்.

காமிரா ஓடுகிறது. சிரியுங்கள்.

உங்கள் சிரிப்புக்குக் காத்து நிற்கும்,
கதை சொல்லும் ஞானம்மாளும் படக்குழுவினரும்