ரெண்டு பைன் மரத்துக்கு நடுவே

— பத்து வருசத்துக்கு மேல ஆன கேரவனை இந்த கேம்ப்காரன் உள்ள விட மாட்டானாம்! கேட்டியா மார்லிஸ்? குதிரைச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பாக்கிற மாதிரி என் வண்டிக்கு வயசு கேக்கிறான்!

— கேட்டேன், வெர்னன். நீ போட்ட சத்தத்துல ஏரிக்கு அந்தக் கரையில இருக்கிறவங்களுக்கும் கேட்டிருக்கும். ஜன்னலை ஏத்து, கொசு வருது.

— அவன் புல்தரையில பளபளன்னு புது வண்டிங்க நிக்குதே, அதுல பாதி மழை பேஞ்சா ஒழுகும். என் வண்டி இத்தனை வருசத்துல ஒரு சொட்டு ஒழுகியிருக்கா? நடுரோட்டுல ஒரு நாள் நின்னிருக்கா? ஆனா இந்த வண்டி வந்து நின்னா அவன் ஏரிக்கு அழகு குறைஞ்சிடுமாம். அக்கிரமம்!

— அக்கிரமம்தான். இது நிஜமான அக்கிரமம், ஒத்துக்கிறேன். இடது பக்கம் படகை இழுத்துக்கிட்டு ஒருத்தன் வர்றான், பாத்து.

— தெரியும்.

— தெரிஞ்சா சரி.

— கல்யாணம் ஆனதுலேர்ந்து நான்தான் ஓட்டறேன். அப்பல்லாம் கால் மேல கால் போட்டுப் பாட்டுக் கேட்டுக்கிட்டு வருவே. இந்த வருசம்தான் உனக்கு வாய் முளைச்சிருக்கு. லாரி வருது, மான் நிக்குது, இடது பக்கம் பள்ளம்...

— வாயை மூடிக்கிட்டு வந்த அன்னிக்கு என்ன ஆச்சு? பெட்ரோல் பங்க் தூண்ல உரசி, வண்டியில கதவு உயரத்துக்குக் கோடு விழுந்துச்சு.

— அந்தத் தூணை நட்டவன் குடிச்சிருந்தான்!

— மஞ்சள் பெயின்ட் அடிச்ச தூண், வெர்னன். ஆகாயத்துல போறவனுக்கும் தெரியணும்னு அடிச்ச பெயின்ட்.

— ஆரம்பிச்சிட்டியா? அதை விடு. கிரெட்டா என்ன சொன்னா போன்ல?

— உன் மக வழக்கமா என்ன சொல்வாளோ அதான். நாளைக்குக் காலையில பிள்ளைங்களை அழைச்சுக்கிட்டுக் கிளம்பறா. எந்த கேம்ப்புன்னு கேக்கிறா.

— ஏரிக்கரையில ஒரு கேம்ப்புன்னு சொல்லு.

— இந்த மாவட்டத்துல தடுக்கி விழுந்தா ஏரி. எந்த ஏரிக்கரைன்னு சொல்லுவேன்? ஜூலை நாலு, சுதந்திர தின லீவு வருது, எல்லா இடமும் நிரம்பிடுச்சு. அவ சொன்னது ஞாபகம் இருக்கில்ல? இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள இடம் பிடிச்சு, கீறல் படாம வண்டியை நிறுத்தணும். இல்லேன்னா அவங்க மோட்டல்ல தங்கிக்குவாங்க. ஊர் திரும்பினதும் வண்டியை வித்துடணும். மாப்பிள்ளை ஆள் பாத்து வச்சிருக்கான்.

— யாரு, போன வருசம் கூடாரம் அடிக்கத் தெரியாம குடைக்குள்ள படுத்தானே, அந்த மாப்பிள்ளையா? அவன் என் வண்டிக்கு விலை பேசறானா!

— நீதான் வாயைக் குடுத்தே. இனிமே ஒரு கீறல் விழுந்தா நானே சாவியை மேஜை மேல வச்சிடறேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னே. கோழி வறுவலை வாயில வச்சுக்கிட்டு.

— கோபத்துல சொன்னது!

— கோபம் இல்லாம நீ எதைத்தான் சொன்னே? சரி, பாக்கலாம். ஆத்து வளைவுக்கு மேல ஒண்ணு இருக்கு. பீவர் கேம்ப். தண்ணி இருக்கு, கரண்ட் இருக்கு, மரத்தடி. ஒருத்தர் வரலைன்னு ஒரு இடம் காலியாம்.

— நேரா நுழைஞ்சு நேரா வெளிய போற இடமா? இல்ல ரிவர்ஸ்லதான் உள்ள விடணுமா?

— ரிவர்ஸ்தான்.

— அங்க வேணாம். கழிவுத் தொட்டி பக்கத்துல இருக்கும், நாறும்.

— இங்கேர்ந்து பதினஞ்சு மைல் இருக்கு, அதுக்குள்ள உனக்கு நாறுதா?

— காத்து இந்தப் பக்கம் அடிக்குது.

— அப்போ வாத்து ஏரி? காலையில பாத்துட்டு வந்தோமே, நல்லாத்தானே இருந்துச்சு? வண்டிக்கும் தண்ணிக்கும் நாலு அடி. பிள்ளைங்க படியில உக்காந்து தூண்டில் போடலாம்.

— கொசு.

— கொசுவா! மினசோட்டாவுல பொறந்து வளந்துட்டு, ஜூலை மாசத்துல, கொசு இல்லாத ஏரியைத் தேடறியா?

— அந்தக் கொசுவுக்கு ஒரு அளவு வேணாமா? ஒவ்வொண்ணும் குருவி சைஸ்ல இருந்துச்சு!

— அதுக்கு அடுத்த கேம்ப்ல?

— அங்க பக்கத்து வண்டிக்காரன் நாய் வச்சிருந்தான்.

— அது செத்த நாய் மாதிரி தூங்கிக்கிட்டுக் கிடந்துச்சு.

— ராத்திரி முழிச்சுக்கும்! மார்லிஸ், எனக்கு வேண்டியது ரொம்பப் பெருசா? நேரா உள்ள போகணும், நேரா வெளிய வரணும். மனுசன் மாதிரி. முழு ஏரி நாட்டுலயும் எல்லாப் பயலும் வண்டியைப் பின்பக்கமாத்தான் சொருகணும்னு சட்டமா போட்டிருக்கான்? ஒரு பாதையை அந்தப் பக்கமும் திறந்து விட்டா இவனுங்க சொத்து அழிஞ்சு போயிடுமா?

— போன வருசம் வரைக்கும் நேரா நுழையற இடத்தைப் பாத்தா நீ சிரிப்பே. ஓட்டத் தெரியாதவனுக்குன்னு கட்டி வச்ச இடம்னு சொல்லுவே.

— மனுசனுக்கு வயசாகுது.

— இப்பதான் உன் வாயிலேர்ந்து ஒரு உண்மை வருது.

— நீ என்ன பெரிய ஒழுங்கு? குளிர்காலம் பூரா செவ்வாய்க்கிழமை ஆனா சர்ச்சுக்குப் போறே. ஒட்டுப்போர்வை தைக்கிறேன், ஒட்டுப்போர்வை தைக்கிறேன்னு. அந்தப் போர்வையில ஒரு மூலையாவது இதுவரைக்கும் வீட்டுக்கு வந்திருக்கா? உன்னை நான் கேள்வி கேட்டேனா?

— அது ஆகும்போது ஆகும். இடது பக்கம் திரும்பு. அதோ பலகை. ஆத்தோரம் ஆர்டிஸ் கேம்ப்.

— எங்க பலகை?

— அதான் சொன்னேனே, இடது பக்கம். வீட்டுக் கதவு அளவுக்கு நிக்குதே.

— ஓ. மரம் மறைச்சிடுச்சு.

— ஆமா, மரம்தான்.

— வாங்க கண்ணுங்களா, வாங்க! நான்தான் ஆர்டிஸ். வண்டியை அங்கயே நிறுத்துங்க, கோழி குறுக்க ஓடும். அடடா, என்ன வண்டி இது! எங்க வீட்டுக்காரர் உசுரோட இருந்தப்போ இதே மாதிரிதான் வச்சிருந்தோம். பக்கவாட்டுல இந்தப் பழுப்புப் பட்டையைப் பாத்ததும் எனக்கு நெஞ்சே நின்னு போச்சு.

— வெர்னன்னு பேரு. இவ மார்லிஸ். முதல்லயே சொல்லிடறேன் அம்மா, இதுக்கு இருபத்திரெண்டு வயசு. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, எனக்கு அவமானப்பட்டுப் பழகிடுச்சு.

— என் வயசை நீங்க கேக்காத வரைக்கும் வண்டி வயசை நான் கேக்க மாட்டேன், ராசா.

— கேட்டியா வெர்னன்?

— கேட்டேன். விறகு? என் விறகை நான் கொண்டு வந்திருக்கேன்.

— வெளி விறகு உள்ள வரக்கூடாது கண்ணு. பூச்சி பரவும், ஊருக்கே தெரிஞ்ச விஷயம்தானே.

— பாத்தியா மார்லிஸ்! சொந்த விறகைக் கொளுத்த உரிமை இல்ல! கிளம்பு, போகலாம். இது என்ன நாடு!

— ஆனா என் விறகைச் சும்மாவே எடுத்துக்கலாம். கொட்டகை நிறைய கிடக்கு.

— ஈரமா இருக்கும்.

— போன வருசம் பிளந்தது, எலும்பு மாதிரி காஞ்சிருக்கு. வேற என்ன கவலை, சொல்லுங்க?

— வெர்னன், கேக்கிறாங்க இல்ல? வேற என்ன கவலை?

— கொசு...

— ஆத்துக் காத்து அடிக்கும் ராசா, கொசு நிக்காது. ராத்திரி தண்ணிப் பறவை கூப்பிடறது கேக்கும், அவ்வளவுதான். ஒரே ஒரு இடம்தான் மிச்சம், ஆனா ராஜா இடம். அதோ தெரியுது பாருங்க, ரெண்டு பைன் மரம். அந்த ரெண்டுக்கும் நடுவுல பின்பக்கமா விட்டீங்கன்னா, படுக்கை ஜன்னலைத் திறந்தா ஆறு. காலையில மூடுபனி உங்க போர்வை மேலயே வந்து உக்காரும்.

— நேரா நுழையற இடம்...

— இல்ல கண்ணு. முன்னாடி நானு, பின்னாடி ஆறு. நேரா போனீங்கன்னா மீனுங்களோட குடித்தனம் பண்ணணும்.

— அந்த ரெண்டு மரத்துக்கும் நடுவுல இந்த வண்டி நுழையாது!

— உங்க வண்டியோட அக்கா தங்கச்சியெல்லாம் நுழைஞ்சிருக்கு. ரெண்டு பக்கமும் ஒரு முழம் மிச்சம் இருக்கும்.

— அங்க என்ன கூட்டம்? எதுக்கு இத்தனை பேர் நாற்காலியைத் தூக்கிக்கிட்டு வர்றாங்க?

— அதுவா? தப்பா எடுத்துக்காதீங்க. புதுசா ஒரு வண்டி வந்து ரிவர்ஸ் எடுக்குதுன்னா எல்லாரும் கையில ஒரு பீரோட உக்காந்து வேடிக்கை பாப்பாங்க. சாயங்காலம் இங்க இதை விட்டா என்ன பொழுதுபோக்கு இருக்கு? நல்லா எடுத்தா கை தட்டுவாங்க. நான் போய்ப் பாதையில கிடக்கிற சைக்கிளையெல்லாம் எடுக்கச் சொல்றேன். ஆற அமர வாங்க.

— போயிட்டா. பாத்தியா, எப்படிப்பட்ட ஜனங்கன்னு? மனுசன் களைச்சு வர்றான், இவங்களுக்கு நாடகமாம்! நான் என்ன சர்க்கஸ் கரடியா? சாமானை ஏத்து மார்லிஸ்.

— நாம எதையும் இறக்கவே இல்லையே.

— அப்போ இன்னும் சுலபம். கிளம்பலாம்.

— நீயும்தான் அந்த மாதிரி நாற்காலி போட்டு உக்காந்து எத்தனை பேரைப் பாத்துச் சிரிச்சிருப்பே. சரி, இஞ்சினை நிறுத்து. என் பக்கம் திரும்பு.

— எதுக்கு?

— திரும்புன்னா திரும்பு. வலது கண்ணை மூடு.

— சின்னப்புள்ள விளையாட்டா இது?

— மூடு, வெர்னன். மூடிட்டியா? இப்ப நான் எத்தனை விரல் காட்டறேன்?

— கைய எடு.

— எத்தனை?

— ...வெளிச்சம் தெரியுது.

— விரலைக் கேட்டேன்.

— விரல் தெரியல. போதுமா? சந்தோசமா? வெளிச்சம் தெரியுது, நீ இருக்கிறது ஒரு நிழல் மாதிரி தெரியுது. விரல் தெரியல.

— எப்போலேர்ந்து?

— இலையுதிர் காலத்துலேர்ந்து. டாக்டர் இனிமே சரியாகாதுன்னுட்டார். ஒரு கண்ணு நல்லா இருக்கு, ரோட்டுல ஓட்டத் தடையில்லன்னார். ரிவர்ஸ் மட்டும் வேணாம்னார்.

— டாக்டருக்குத் தெரியும். நர்ஸுக்குத் தெரியும். மருந்துக்கடைப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கு மட்டும் வாத்து ஏரியில கொசு!

— மார்லிஸ்...

— பேசாதே! இன்னிக்குப் பூரா நீ பேசினே, நான் கேட்டேன். மழையில, சேத்துல, கொசுக்கடியில, எத்தனை வருசம் இந்த வண்டிக்குப் பின்னால நின்னு உனக்குக் கை காட்டியிருப்பேன்? வா, வா, நிறுத்துன்னு? நீ அந்த இடது கண்ணாடியில என் கையைத்தானே பாத்துப் பாத்து வருவே? அதுல நான் தெரியலைன்னு என்கிட்ட சொல்ல உனக்கு மனசு வரலையா? கேம்ப்புக்கு ஒரு பொய்! நாய் குலைக்குமாம். தூங்கற நாய்!

— சொன்னா கிரெட்டாவுக்குச் சொல்லுவே. அவ சாவியை வாங்கிடுவா. அப்புறம் கோடைக்கு நாம எங்க போறது? அவ வீட்டு மாடி அறையில உக்காந்து கார் நிறுத்தற இடத்தை வேடிக்கை பாக்கிறதா? உனக்கு ஆறுன்னா உசுரு. உனக்காகத்தான் வாயை மூடிக்கிட்டேன்.

— எனக்காகன்னு மட்டும் சொல்லாதே, எனக்குப் பத்திக்கிட்டு வரும். காபியைக் கோப்பைக்குப் பக்கத்துல ஊத்தினே பாரு ஒரு நாள், அன்னிக்கே எனக்குத் தெரியும். இடது பக்கம் லாரி, இடது பக்கம் படகுன்னு நான் கத்திக்கிட்டு வந்தது எதுக்குன்னு நினைச்சே? பாட்டு அலுத்துப் போச்சுன்னா? எப்பவாவது உன் வாயால வரும்னு காத்துக்கிட்டு இருந்தேன்.

— வந்துடுச்சு. அவ்வளவுதான். போனை எடு, கிரெட்டாவைக் கூப்பிடு. இடம் கிடைக்கல, மோட்டலுக்கு வரச் சொல்லு. இந்தா சாவி. அந்தக் குடைக்காரன் கையில நீயே குடுத்துடு, அவன் மூஞ்சியை என்னால பாக்க முடியாது.

— என்ன கண்ணுங்களா, இன்னும் இங்கயே நிக்கிறீங்க? பாதை சுத்தம். முன்வரிசை நிரம்பிடுச்சு, பீர் சூடாகுதுன்னு சத்தம் போடறாங்க!

— ரெண்டு நிமிஷம் ஆர்டிஸ், இதோ வந்துட்டோம். அந்தச் சாவியை இப்படிக் குடு, வெர்னன். நீ இறங்கு. பின்னால போய் வலது மரத்துக்கிட்ட நின்னு, நல்லா கையைத் தூக்கிக் காட்டு. கண்ணாடியில நான் உன்னைப் பாத்துக்கிறேன். ஏன் அப்படி முழிக்கிறே? ஸ்கூல் பஸ் ஓட்டறாளே பெர்னிஸ், அவ கேரவன் நம்மளோடதை விட நீளம். செவ்வாய்க்கிழமை ஆனா சர்ச்சு மைதானத்துல ரெண்டு குப்பைத் தொட்டிக்கு நடுவுல அதைப் பின்பக்கமா விட்டுப் பழகினேன். அந்தத் தையல் வகுப்புல இன்னிய வரைக்கும் நான் ஒரு ஊசியைத் தொட்டதில்ல.