அறுநூற்று நாற்பது வளையங்கள்

இந்த மேசை லேசாக ஆடுகிறது, சார். ஒரு காலுக்கடியில் காகிதத்தை மடித்து வைத்தால் நின்றுவிடும். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

நான் மாதிரிக் கப்பல் செய்பவன். இரண்டு முழக் கப்பல் ஒன்றில் பாய்மரக் கயிறுகளை இழுத்துக் கட்ட அறுநூற்று நாற்பது பித்தளை வளையங்கள் வேண்டும். ஒவ்வொன்றும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. கம்பியை ஊசியில் சுற்றி, வெட்டி, வாய் சேரும் இடத்தைப் பற்றவைக்க வேண்டும். பிறகு மருந்தில் முக்கினால் கறுத்துவிடும். பற்றவைத்ததா, வெறுமனே நெருக்கியதா என்பது அதற்கப்புறம் யார் கண்ணுக்கும் தெரியாது. "கப்பலோடவே குடும்பம் நடத்தியிருக்கலாம் நீங்க, நடுவுல நான் எதுக்கு?" என்பாள் என் மனைவி. நல்ல மனுஷி.

அவள் தம்பி, என் மச்சினன், உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கியபடி கண்ணாடி துடைப்பவன். கலகலப்பானவன். எனக்குக் கண்புரை எடுத்த சமயத்தில், மிச்சமிருந்த தொண்ணூறு வளையங்களை அவனே செய்து, கறுப்பாக்கி, என் டப்பாவில் கொட்டி வைத்தான். நன்றி சொன்னேன். கயிறுகளைக் கட்டி முடித்து, கப்பலை ஒரு நிறுவனத்தின் வரவேற்பறைக்குக் கொடுத்தேன்.

மூன்றாம் வாரம் கூப்பிட்டார்கள். கயிறுகள் தொய்ந்து, நடுப் பாய்மரம் சாய்ந்திருந்தது. ஏழெட்டு வளையங்கள் வாய் பிளந்திருந்தன. அங்கிருந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அவனைக் கேட்டேன்.

"பத்தவைக்கலை மாமா. இடுக்கியால சும்மா அமுக்கி விட்டுட்டேன். யாரு பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கப் போறா?"

"மிச்சத்துல எதெல்லாம் நீ செஞ்சது?"

"அது எப்படி மாமா தெரியும்? எல்லாம் ஒண்ணு மாதிரிதானே இருக்கு."

உண்மைதான். நான்கு நாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. பதினான்கு மாத வேலையை முழுக்கப் பிரித்துப் போட்டேன். கோபமெல்லாம் வரவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த மாதம் அவனே வந்தான். உட்காரும் பலகையைக் கயிற்றோடு சேர்க்கும் இரும்பு வளையம் தேய்ந்துவிட்டதாம். "கடையில வாங்குறதைவிட உங்க கைவேலை உசத்தி மாமா" என்றான். மனதாரத்தான் சொன்னான்.

சோதனைக்கு மூன்று செய்தேன். எழுபத்தொரு கிலோ மணல் மூட்டையைத் தொங்கவிட்டு ஆட்டிப் பார்த்தேன். அவன் எடையை என் மனைவியிடம் பேச்சுவாக்கில் கேட்டுக்கொண்டேன். முதல் வளையம் உடனே விரிந்தது. அது உதவாது, அவன் இறங்குமுன் மொட்டைமாடியிலேயே தெரிந்துவிடும். இரண்டாவது விரியவே இல்லை. மூன்றாவது இருபது நிமிடம் தாங்கியது. அதே அளவில் நான்காவதைச் செய்து, பற்றவைக்காமல் நெருக்கி, கறுப்பாக்கி, துணியில் சுற்றிக் கொடுத்தேன்.

இடுப்பில் இரண்டாவது கயிறு ஒன்றும் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் விதி. கட்டியிருந்தால் சும்மா தொங்கியிருப்பான், பாடமும் படித்திருப்பான். நான் நினைத்தது அந்த அளவுதான். கட்டாதது அவன் அலட்சியம், அதை என் தலையில் கட்டாதீர்கள்.

அவன் அதை மாட்டிய முதல் நாள் காலை, அவன் துடைக்கும் கட்டடத்துக்கு எதிர்ச்சாரித் தேநீர்க் கடையில் இருந்தேன். ஒற்றைக் கயிற்றில்தான் இறங்கினான். என்னைப் பார்த்துக் கையாட்டினான், நானும் ஆட்டினேன். தேநீர் சூடாக இருந்ததால் ஊதி ஊதிக் குடித்தேன். பதினோராவது மாடியில் விரிந்தது.

என் மனைவி மூன்று நாளாகத் தானாகச் சாப்பிடவில்லை. நான்தான் கரண்டியால் ஊட்டிவிட்டேன். நேற்று உங்கள் போலீஸ் அறிக்கையை அவளுக்குப் படித்துக் காட்டினார்கள். விரிந்த வளையம் தரமற்ற கடைச்சரக்கு என்று எழுதியிருந்தீர்கள். அவளும் அழுதுகொண்டே, "உங்க வளையத்தைப் போட்டிருந்தா பொழைச்சிருப்பானே" என்றாள். இரவெல்லாம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால்தான் வந்தேன், சார். அந்த வளையத்தைச் செய்தது நான். இருபது நிமிடம் என்று கணக்கிட்டேன், இருபத்திரண்டு தாங்கியது. 'தரமற்ற' என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.