ஷம்னாவின் கையளவு

வளையல் வாங்க வருகிறவர்களில் பாதிப்பேருக்குத் தங்கள் கையளவே தெரியாது. வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்கு வருகிற ஆண்கள் வீட்டுக்காரியின் பழைய வளையலைத் துண்டில் முடிந்து கொண்டுவருவார்கள். எங்கள் கடை வாசலில் முடிச்சை அவிழ்த்தால் பல நேரம் அது உடைந்திருக்கும். பெண்கள் நேரில் வந்தால் எனக்கு அளவு வளையல்கூட வேண்டாம். கையை நீட்டினால் போதும், சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, அஷ்ரஃப் மாமா. போலீசுக்குப் போகாமல் ஜமாஅத் செயலாளரான உங்களிடமே பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று அத்தா சொன்னார். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஷம்னா என்னைவிட ஒன்பது வயது இளையவள். அவள் கம்ப்யூட்டரில் துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறாள் என்று தெரிந்தபோது, அத்தா அதைத் தூக்கி வெளியே எறிவார் என்றுதான் எதிர்பார்த்தேன். என்னைப் ப்ளஸ் டூவோடு நிறுத்திக் கடையில் உட்காரவைத்தவர் அவர்தானே. ஆனால் கொச்சியில் ஒரு பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், ஷம்னாவைத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றதும் அவரே ஆட்டோவில் மேசை கொண்டுவந்து இறக்கினார். சாயங்காலம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். திரையில் நடப்பது ஒன்றும் அவருக்குப் புரியாது. ஆனாலும் பார்ப்பார்.

ஒரு சந்தை நாளில் மாடு வாங்க வந்த அப்புசாமியிடம், "எம் புள்ள கொச்சி டீமுல ஆடப் போறாளுங்க" என்றார் அத்தா.

"மூத்ததுங்களா?" என்று அப்புசாமி என்னைப் பார்த்தார்.

"அதில்லீங்க, சின்னது. அவ கைவேகத்தை நீங்க பாக்கோணுமே."

நான் அப்போதுதான் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு இரண்டு டஜன் கண்ணாடி வளையலை ஒன்றுகூட உடையாமல் போட்டு முடித்திருந்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

மவுஸ் வாங்கித் தரச்சொல்லிக் கேட்டது ஷம்னாதான். பழைய மவுஸ் தேய்ந்துவிட்டது. "நீயே பாத்து எடுத்துட்டு வாக்கா. எங்கையி உனக்குத் தெரியாததா?" என்றாள்.

கடையில் ஆள் இல்லாத நேரத்தில் போனில் படித்தேன். ஒயர் வைத்ததுதான் நல்லது, ஆட்டத்தின் நடுவில் சார்ஜ் தீர்ந்து நிற்காது. ஒயர் மட்டும் மெல்லியதாக, கையைப் பிடித்து இழுக்காததாக இருக்கவேண்டும். பெட்டியில் எர்கோனமிக் என்று போட்டிருந்தால் கை நோகாத வடிவம் என்று அர்த்தம். உள்ளங்கை படுத்துக்கொள்ள ஒரு மேடு, கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம் இருக்கும். ஆனால் அது அளவான கைக்குத்தான். கைக்கு மீறிய மவுஸ் என்றால் பக்கவாட்டுப் பொத்தானுக்குக் கட்டைவிரல் எட்டி எட்டிப் போகும், மணிக்கட்டு மடங்கியே நிற்கும். ஷம்னாவுடையது சின்னக் கை. வளையல் அளவில் ரெண்டு நாலு.

கோயம்புத்தூரில் நான் எடுத்த மவுஸைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர், "ஏனுங்க்கா, கை சின்னதுன்னா இது ஒத்துவராதுங்க" என்றார். நல்ல மனுஷர்.

"எங்கண்ணனுக்குங்க" என்றேன். எங்கள் வீட்டில் அண்ணன் யாரும் இல்லை, உங்களுக்கே தெரியும்.

ஷம்னா கையில் வைத்துப் பார்த்து, "பெருசா இருக்கேக்கா" என்றாள். புதுசு அப்படித்தான் இருக்கும், பழகப் பழகச் சரியாகிவிடும் என்றேன். நம்பினாள். நாள் முழுக்க அதிலேயே பழகினாள். மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்ததும் என்னிடம்தான் வந்தாள். அத்தாவிடம் சொன்னால் தேர்வுக்கு விடமாட்டார் என்ற பயம். நான் தைலம் தேய்த்துவிட்டேன்.

அதுவரை என் எண்ணம் சின்னதுதான், மாமா. தேர்வில் சறுக்கினால் போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் வீட்டிலிருந்தே ஆடவேண்டிய முதல் சுற்றில் அந்த வலியோடும் அவள்தான் முதலில் வந்தாள். அத்தா தெரு முழுக்க அல்வா கொடுத்தார். எனக்கும் ஒரு துண்டு வந்தது.

சித்தூரில் ஒரு டாக்டரிடம் ஷம்னாவைக் கூட்டிப்போனேன். அத்தாவிடம் துணி எடுக்கப் போவதாகச் சொன்னோம். ராத்திரி படுக்கும்போது மணிக்கட்டுக்கு ஒரு பட்டை கட்டச் சொன்னார் டாக்டர். விரல் மரத்தால் உடனே அவிழ்த்துவிட்டு வரவேண்டும், விட்டால் நரம்பு செத்துவிடும் என்றும் சொன்னார். அதைச் சொன்னபோது ஷம்னா எக்ஸ்ரே எடுக்கப் போயிருந்தாள்.

மருந்துக்கடையில் அளவு கேட்டார்கள். குழந்தைகளுக்கானதைக் கேட்டு வாங்கினேன். தினமும் படுக்குமுன் நானே கட்டிவிட்டேன். இறுக்கமாக இருந்தால்தான் குணமாகும் என்றேன்.

"அக்கா, வெரலெல்லாம் மரத்துப் போகுதுக்கா" என்று ஒருநாள் சொன்னாள்.

"மரத்துப்போனா நல்லதுதான் புள்ள. வலி போகுதுன்னு அர்த்தம்" என்றேன்.

அதன் பிறகு காலையில் மரத்திருந்தால் சந்தோஷமாக வந்து சொல்வாள். பாவமாகத்தான் இருந்தது.

கொச்சிக்குக் கிளம்பவேண்டிய காலையில் அவளால் டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்தார்கள். கட்டைவிரல் இனி மடங்காது என்றார்கள். ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுத்த பெண் பட்டையையும் மவுஸையும் பார்த்துவிட்டு, இதையெல்லாம் யார் அளவு பார்த்து வாங்கியது என்று கேட்டாளாம். எங்கக்காதான் என்று ஷம்னா சொல்லியிருக்கிறாள். என்னைக் காட்டிக்கொடுப்பதற்காக அவள் அப்படிச் சொல்லவில்லை. அவளுக்கு இன்னும் என்மேல் ஒரு சந்தேகமும் இல்லை.

வேறு வீடாக இருந்தால் ஏதோ தெரியாமல் வாங்கிவிட்டாள் என்று விட்டிருப்பார்கள். அத்தா ஆயுசு முழுக்க வளையல் விற்றவர். பட்டையையும் மவுஸையும் கடைக் கண்ணாடிப் பெட்டியின்மேல் வைத்தார். "உனக்கு அளவு தப்பாதே, அன்சிலா" என்றார். என் திறமையைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே வார்த்தை அதுதான்.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஷம்னாவை வண்டிப்பெரியாருக்குச் சபியா மாமி வீட்டுக்கு அனுப்பப்போவதாகச் சொல்கிறீர்களே, அது மட்டும் வேண்டாம். அந்த மலைக்குளிர் ஆபரேஷன் செய்த கைக்கு ஆகாது. இங்கே அவளுக்குத் தலை பின்னிவிடுவதும் சோறு பிசைந்து கொடுப்பதும் நான்தான். என்னைவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

அவளும் சும்மா இல்லை. போன வாரம் மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள், இடது கையால் ஆடிப் பார்க்கிறாள். கதவோரம் நின்று பார்த்தேன். வேகம் வருகிறது. அத்தாவும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். இடது கைக்கென்று செய்த மவுஸ் கிடைப்பது கஷ்டம், மாமா. நான் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.