நானூறு கிலோமீட்டர்

போதகர் ஐயாவுக்கும் சபைக் கமிட்டிக்கும் கிளாட்வின் எழுதிக்கொள்வது.

புது ஷூ ஒன்று கைக்கு வந்ததும் நான் முதலில் அதை இரண்டு கையாலும் பிடித்து நடுவில் மடக்கிப் பார்ப்பேன். சாதாரண ஓட்ட ஷூ தோசை மாதிரி மடங்கும். கார்பன் தட்டு வைத்த ஷூ மடங்காது. எவ்வளவு அழுத்தினாலும் அசையாமல் நிற்கும். அதைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தோஷம் தெரியும்.

நீங்கள் கேட்டது ஷூவைப் பற்றி இல்லை என்று தெரியும். மூன்று மாதமாக எனக்குத் திருவிருந்து நிறுத்தி, எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். அது நியாயம்தான். ஆனால் ஷூ புரியாவிட்டால் மற்றது புரியாது. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இந்த ஷூவின் அடியில் இரண்டு விரற்கடைக்கு மேல் கனமாக ஒரு நுரை இருக்கும். அமுக்கினால் அமுங்கி உடனே எழும்பும். அவ்வளவு மெத்தென்ற நுரை தனியாக இருந்தால் கால் தள்ளாடும். அதற்காக நுரைக்கு நடுவில் கரண்டி போல வளைந்த ஒரு கார்பன் தட்டைச் செருகுகிறார்கள். விரல்கள் மடங்குவதைத் தட்டு தடுக்கிறது, பாதம் தொட்டில் போல முன்னால் உருள்கிறது, ஓடுகிறவருக்குக் களைப்பு குறைகிறது. விரலும் கெண்டைச் சதையும் செய்யும் வேலையில் ஒரு பங்கைத் தட்டு வாங்கிக்கொள்கிறது. அதே சமயம் பாதத்தில் பாரம் விழும் இடமும் கொஞ்சம் மாறுகிறது. பாதத்தின் மேட்டில் படகு வடிவத்தில் ஒரு சின்ன எலும்பு உண்டு. அதன் நடுப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு. இந்த ஷூ போட்டவர்களில் சிலருக்கு அந்த எலும்பில் விரிசல் விட்டதாக டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள்.

சித்தூர் வெல்ல மண்டியிலும் மாங்கூழ் பேக்டரிகளிலும் எடை மிஷின் சரிபார்ப்பது என் பிழைப்பு. ஓட்ட ஷூக்களைப் பற்றித் தமிழில் வீடியோ போடுவது என் விருப்பம். அறுநூறு பேர் பார்க்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணா, இத டெய்லி ப்ராக்டீஸுக்குப் போடலாமா?" பந்தயத்துக்கு மட்டும் போடச் சொல்கிறார்கள். தினமும் போட்டால் முதலில் தேய்வது ஷூவா, காலா? அதை எண்ணிக்கையோடு சொன்னவர்கள் யாரும் இல்லை. எனக்கு முழங்கால் போய்விட்டது. நானே ஓடிப் பார்க்க முடியாது.

என் அக்கா தபீதாளின் பெண்கள் பிளெஸ்ஸியையும் ஸ்வீட்டியையும் உங்களுக்குத் தெரியும். அத்தான் போனதிலிருந்து அந்த வீட்டுக்கு நான்தான் ஆண்பிள்ளை. இரட்டைப் பிள்ளைகள். இருவருக்கும் ஐம்பத்தொரு கிலோ. என் மிஷினில் நிறுத்திப் பார்த்தேன், இருநூறு கிராம்தான் வித்தியாசம். தின்பது ஒரே சோறு, ஓடுவது ஒரே ரோடு. இருவரும் கான்ஸ்டபிள் வேலைக்கு முதல் பரீட்சை எழுதி பாஸாகி, திருப்பதியில் ஓட்டத் தேர்வுக்குக் காத்திருந்தார்கள். ஓடவேண்டியது ஆயிரத்து அறுநூறு மீட்டர். ஒரு எடைக்கல் சரியா என்று அதைத் தனியாக வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது. பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று வேண்டும்.

பிளெஸ்ஸிக்குத் தட்டு ஷூ, ஸ்வீட்டிக்குச் சாதாரண ஷூ. பதினாலு வாரம், நானூறு கிலோமீட்டர் என்று திட்டம் போட்டேன்.

முதல் மாதம் வீட்டில் ஒரே கேலி.

"ராஜாத்தி, ஷூவ மட்டும் அனுப்பு, அதுவே ஓடிட்டு வரும். நீ ஊட்லயே குந்து" என்பாள் ஸ்வீட்டி.

"பொறாமைடி உனுக்கு. பின்னாடி வந்துகினே பேசு."

பிளெஸ்ஸி எப்போதும் பின்தங்குகிறவள். அந்த ஷூவோடு அவள்தான் முன்னால் ஓடினாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஐந்தாவது வாரம், நூற்று நாற்பது கிலோமீட்டரில், அவள் தனியாக வந்து சொன்னாள்.

"மாமா, காலு மேல குத்திக்கினே இருக்குது."

"ஓடறப்பவா?"

"ஓடறப்பவும்தான். இப்ப படி எறங்கறப்பவும் குத்துது. பழைய ஷூவே போட்டுக்கட்டா?"

அடுத்த ஞாயிறு அவளைச் சாட்சி சொல்ல விடுங்கள் என்று உங்களிடம் கேட்டேன். ஞாபகம் இருக்கும். வெள்ளைச் சுடிதாரில் முன்னால் வந்து நின்று, "பின்னாடியே இருந்த என்னை ஆண்டவர் முன்னாடி வெச்சாரு, எங்க மாமா மூலமா இந்த ஷூவக் குடுத்தாரு" என்றாள். சபையே ஆமென் சொன்னது. சாட்சி சொல்லிவிட்டால் நம் பிள்ளைகள் பின்வாங்க மாட்டார்கள். ஆண்டவர் கொடுத்ததைச் சபைக்கு நடுவில் புகழ்ந்துவிட்டு, மறுநாள் அது குத்துகிறது என்று எந்த வாயால் சொல்வாள்? அதற்குப் பிறகு பழைய ஷூவை அவள் கேட்கவில்லை. நான் எதிர்பார்த்ததும் அதுதான்.

சனிக்கிழமைதோறும் இருவரின் பாதத்திலும் அந்தப் படகெலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்துவேன். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லவேண்டும். ஸ்வீட்டி எல்லா வாரமும் பூஜ்யம். பிளெஸ்ஸி ஆறாவது வாரம் மூன்று, எட்டாவது வாரம் ஐந்து, ஒன்பதாவது வாரம் எட்டு. இத்தனை ஒழுங்காக ஏறும் கோட்டை என் தொழிலில்கூடப் பார்த்ததில்லை. ஷூவின் நுரையையும் அளந்தேன். அது அரை மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை.

அக்கா கவலைப்பட்டதால் சித்தூரிலேயே எக்ஸ்ரே எடுத்தோம். ஒன்றும் தெரியவில்லை. இந்த எலும்பின் விரிசல் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது, ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அது எனக்குத் தெரியும். நான் அக்காவிடம், "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லக்கா" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

பத்தாவது வாரத்திலிருந்து ஓடுவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு வலி மாத்திரை கொடுத்தேன். நொண்டி ஓடினால் பாரம் வேறு பக்கம் சாயும், அளவு கெட்டுவிடும்.

தேர்வன்று விடிந்ததும் திருப்பதிக்கு பஸ் ஏறினோம். அதுவரை முந்நூற்றெண்பத்தொன்பது கிலோமீட்டர் ஆகியிருந்தது. பஸ்ஸில் பிளெஸ்ஸி மெதுவாகக் கேட்டாள்: "இன்னிக்கி மட்டும் ஸ்வீட்டியோட பழைய ஷூ போட்டுக்கட்டா மாமா? யாரும் பாக்க மாட்டாங்க."

"பந்தயத்துக்குன்னே செஞ்ச ஷூம்மா இது" என்றேன். அதுவும் உண்மைதான்.

உண்மையில் அந்தத் தேர்வுக்கு இந்த ஷூ தேவையே இல்லை. அங்கே கொடுக்கும் நேரத்தில் அவர்கள் இருவரும் வெறுங்காலிலேயே ஓடி முடித்திருப்பார்கள். முதல் வாரமே அதைக் கணக்குப் போட்டிருந்தேன்.

இருவரும் ஒரே பேட்ச். மூன்றாவது சுற்றில், வளைவு முடியும் இடத்தில், பிளெஸ்ஸி விழுந்தாள். நூறு பேர் நின்ற மைதானத்தில் அவள் அலறிய சத்தம் வேலிக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. "லே அம்மா, லே" என்று ஒரு பெண் போலீஸ் தெலுங்கில் எழுப்பப் பார்த்தார். அவளால் எழ முடியவில்லை. ஸ்வீட்டி அறுபது மீட்டர் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். அப்படியே வந்து டிராக்கிலேயே உட்கார்ந்து பிளெஸ்ஸியின் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். "நீ போடி, டைம் போவுது, போடி" என்று பிளெஸ்ஸி அவளைத் தள்ளித் தள்ளி அழுதாள். ஸ்வீட்டி போகவில்லை. விசில் ஊதிவிட்டார்கள். இருவருக்கும் வேலை போயிற்று.

எலும்பு இரண்டாகப் பிளந்திருந்தது. ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். நடப்பாள், இனி பழையபடி ஓடுவது சந்தேகம் என்றார் டாக்டர். அவர் ஸ்கேனைக் காட்டியபோது விரிசல் நான் கட்டைவிரல் வைத்த அதே இடத்தில் இருந்தது. என் குறிப்பில் அதையும் எழுதிக்கொண்டேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எனக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தீர்கள். தெரியும். ஒன்பதாவது வாரத்திலிருந்து நிச்சயமாகத் தெரியும். எலும்பு உடையும் என்றும் தெரியும், எப்போது என்பதுதான் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவளை ஓடவிட்டேன். தினசரி ஓட்டத்துக்கு இந்த ஷூ கூடாது. அதை இப்போது யாரிடமும் எண்ணிக்கையோடு சொல்ல முடியும்.

அக்கா அதையெல்லாம் கேட்பதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவிலும் கேட்டாள், நேற்று வாசலில் நின்றும் கேட்டாள்: "ஏன்டா கிளாட்வின், ரெண்டு பேருல ஏன்டா பிளெஸ்ஸி? அது இன்னாடா பண்ணுச்சி உனுக்கு?"

அவள் ஒன்றும் பண்ணவில்லை. இருவரும் எனக்கு ஒன்றுதான், நான் பாரபட்சம் பார்த்தவன் இல்லை. இரண்டு பெயரையும் இரண்டு சீட்டில் எழுதி, மடித்து, முழங்காலில் நின்று ஜெபம் பண்ணித்தான் ஒன்றை எடுத்தேன். ஐயா, நீங்களே அக்காவிடம் சொல்லுங்கள், அவளைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை.